எலுமிச்சம்பழம் நசுங்காத டயர்

எங்கள் தொழிலில் முப்பத்தைந்து என்பது ஒரு காய்ச்சல். கடைக்குள் நுழைகிற ஆள் நலம்கூட விசாரிக்காமல் "முப்பத்தஞ்சு இருக்கா பாய்?" என்றுதான் ஆரம்பிப்பார். வெளியாள் யாராவது பக்கத்தில் நின்றால் வயதைக் கேட்கிறாரா, இடுப்பளவைக் கேட்கிறாரா என்று குழம்பிப்போவார். அது டயரின் உயரம், இன்ச் கணக்கில். கேட்கிறவரின் வண்டி பெரும்பாலும் காட்டையே பார்த்திருக்காது. பேரங்காடிக் கார் நிறுத்தத்தில் இருக்கும் வேகத்தடைதான் அது ஏறிய பெரிய மலையாக இருக்கும். ஆனாலும் முப்பத்தைந்து வேண்டும். காய்ச்சல்காரரிடம் எடுத்த எடுப்பில் நியாயம் பேசாதீர்கள். நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் ஒன்று வாங்கிக் கொடுத்து முதலில் உட்காரவையுங்கள்.

நான் ஜெலாப்பாங்கில் ஃபோர்வீல் வண்டிகளுக்கு உயரம் கூட்டி, டயர் மாற்றி, கியர் பல் மாற்றியே காலத்தை ஓட்டியவன். இப்போது பட்டறை உங்கள் கையில். நான் காலையில் தொழுதுவிட்டு, மாத்திரை விழுங்கிவிட்டு, வீட்டில் யாரும் வேலை சொல்லிவிடாதபடி நாளிதழுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற ஆள். புதிதாகச் சேர்ந்திருக்கிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் பாய் என்று கேட்டீர்கள். ஜாக்கியை எங்கே வைப்பது, நட்டை எப்படி முறுக்குவது என்பதை எழுத எனக்கு மனமில்லை. அதற்கெல்லாம் கைப்பேசியில் வீடியோ கொட்டிக் கிடக்கிறது. நான் எழுதப்போவது ஓர் எலுமிச்சம்பழத்தைப் பற்றி.

அதற்கு முன் கால்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எனக்கு வேலை பழக்கிய முதலாளி, ஒரு தவுக்கே, இருந்தார். வாசலில் வண்டி வந்து நின்றால் அவர் வண்டியைப் பார்க்கமாட்டார், இறங்குகிறவர்களின் காலைத்தான் பார்ப்பார். ஏன் என்று கேட்டால் மூக்கைச் சொறிந்துகொண்டு உள்ளே போய்விடுவார். கூடவே இருந்து எனக்கும் அது தொற்றிவிட்டது. ஒரு கல்யாண வீட்டில் வருகிறவர்களின் காலையே நான் பார்த்துக்கொண்டிருக்க, செருப்பு காணாமல் போய்விடுமென்று பயமா என்று என் மனைவி கேட்டாள். தொழில் புத்தி என்று சொன்னால் அவள் நம்பவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, ஒரு சனிக்கிழமை, உயரம் கூட்டிய பழைய டீசல் வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. இரண்டு ஜோடிக் கால்கள் இறங்கின. ஓட்டுநர் பக்கம், வெள்ளை வெளேரென்று விளையாட்டுக் காலணி. மறுபக்கம் சிலிப்பர், விரல் இடுக்கெல்லாம் செம்மண். வெள்ளைக் காலணி குமரன். சிலிபினில் வீடு, ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வேலை. காட்டுக்குள் வண்டி ஓட்டுகிற நண்பர்கள் கூட்டம் ஒன்று உண்டு. இவன் அவர்களோடு போய், சேற்றில் இறங்காமல் படம் எடுப்பவன் என்று அந்தக் காலணியே சொன்னது. செம்மண் கால் அவனுடைய அக்கா பரமேஸ்வரி. சுங்காயிலிருந்து வந்திருந்தார்.

வண்டியை முன்பு வைத்திருந்தவர் ஸ்பிரிங் மாற்றி நன்றாகத் தூக்கிவிட்டிருந்தார். டயர் மட்டும் பழைய சின்ன டயர். தூக்கிக் கட்டிய கைலிக்குக் கீழே குச்சிக்கால் தெரிவதுபோல் இருந்தது.

"பாய், முப்பத்தஞ்சு மாட்டணும்லா. அவ்ளோதான் வேல" என்றான் குமரன்.

நான் அவனை விட்டுவிட்டு அக்காவிடம் வண்டியை யார் ஓட்டப்போவது, எங்கே என்று கேட்டேன். தே தாரேக் வந்தது. கதையும் வந்தது.

சுங்காய்க்கு உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டம் இருந்தது. தோட்டம் துண்டாடப்பட்டபோது சமநிலமெல்லாம் செம்பனைக்கு, அதுதான் எண்ணெய்ப் பனைக்கு, போய்விட்டது, யாரும் சீண்டாத மேட்டு நிலத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். பரமேஸ்வரியும் கணவரும் ஒரு துண்டை வாங்கி டுரியான் பழமரங்கள் நட்டார்கள். கணவருக்கு சிங்கப்பூரில் வேலை, விடுமுறைக்குத்தான் வருவார். மரங்களைத் தனியாக வளர்த்தது இந்த அம்மாதான். அந்த வருடம்தான் முதல்முறையாக மரம் முழுக்கக் காய் பிடித்திருந்தது. அதை நம்பிப் பள்ளிக்கூடக் கேண்டினுக்கு வேன் ஓட்டிய வேலையையும் விட்டுவிட்டார்.

சிக்கல் மேட்டில் இருந்தது. தோட்டம் இருந்த காலத்திலேயே அதற்கு மூக்கு மேடு என்று பெயராம். ஏறும்போது மண் மூக்கில் வந்து இடிக்குமாம். அக்கம்பக்கத்துப் பழத்தையெல்லாம் ஏற்றுகிற லோரிக்காரர் மழைக்குப் பிறகு ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, மன்னித்துக்கொள்ளம்மா என்று திரும்பிப் போய்விட்டார். டுரியான் இரவில் விழும். காலையில் பொறுக்கிக் கீழே சாலைக்குக் கொண்டுவந்தால் வியாபாரி எடுத்துக்கொள்வார். கிடக்கப்போட்டால் வெடித்துவிடும், பிறகு யாரும் தொடமாட்டார்கள்.

"இந்தத் தடவ எறக்க முடியலன்னா, மரத்தடியில ஒக்காந்து வாசம் பாக்க வேண்டியதுதான் பாய்" என்றார் பரமேஸ்வரி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கையில் இருந்த தே அப்படியே இருந்தது.

நான் சொன்னேன்: இந்த வண்டிக்கு இருக்கிற கியரோடு முப்பத்தொன்று போதும். முப்பத்தைந்துதான் வேண்டுமென்றால் முன்னாலும் பின்னாலும் இருக்கிற கிரவுன் பினியனை, அதாவது எஞ்சினின் சுற்றைச் சக்கரத்துக்குக் கொடுக்கிற பல் ஜோடியை, சேர்த்து மாற்றவேண்டும். பெரிய டயர் போட்ட வண்டி எடுத்துவைக்கிற எட்டு நீளம். ஒவ்வொரு சுற்றிலும் அதிக தூரம் போகும். அந்த நீள எட்டை எடுத்துவைக்கவும் எஞ்சின் திணறும், இழுத்துப் பிடிக்கவும் திணறும். பல்லை மாற்றினால் இரண்டும் சரியாகிவிடும். எங்கள் மூத்த மெக்கானிக் ஆ செங் உடனே போன் போட்டு விசாரித்தார். அந்தப் பல் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், வருவதற்குள் பழக்காலம் முடிந்துவிடும் என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று வரச் சொல்லிவைத்தோம்.

அப்போதுதான் குமரன் குண்டைத் தூக்கிப் போட்டான். டயரை அவன் ஏற்கெனவே வாங்கிவிட்டான். தொழிற்சாலையில் கொடுத்த போனஸில், அக்காவுக்குப் பரிசாக. வீட்டு முன்னறையில் அடுக்கி வைத்திருக்கிறானாம்.

"டயரு இப்ப மாட்டிருவோம் பாய். பல்லு வந்தப்பறம் மாத்திக்கலாம். என்னா இப்ப?"

பரமேஸ்வரி தம்பியின் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, மாட்டிவிடுங்கள் பாய் என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களில் சூடான ரத்தம் உள்ளவர்கள், நான் மாட்டமாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பீர்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள அது நன்றாக இருக்கும். ஆனால் அவர்கள் அடுத்த தெருவில் போய் மாட்டிக்கொள்வார்கள், அங்கே யாரும் ஒரு வார்த்தை எச்சரிக்கமாட்டார்கள். மாட்டித் தருகிறேன், ஆனால் ஒரு நிபந்தனை என்றேன். பழம் ஏற்றுவதற்கு முன், அதே எடையை ஏற்றி ஒருமுறை அந்த மேட்டில் இறங்கிப் பார்க்கவேண்டும், அப்போது நானும் வண்டிக்குள் இருக்கவேண்டும். குமரன் தாராளமாக வாருங்கள் பாய் என்றான். அவன் ஏறுவதைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து கேட்கிற எல்லோருமே ஏறுவதைப் பற்றித்தான் நினைப்பார்கள். ஏறமுடியாத வண்டி பாதியில் நின்றுவிடும், அவ்வளவுதான். இறங்கும்போது பிடிக்காத வண்டிக்கு அந்த நல்ல புத்தி கிடையாது.

டயர் மாட்டிய மறுநாள் காலை, பட்டறை முற்றத்திலேயே வண்டிக்குப் பூஜை. சிலிபினிலிருந்து ஒரு பூசாரியை அழைத்து வந்திருந்தார்கள். நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஓரமாக நின்றேன். என் பட்டறையில் இது எத்தனையாவது பூஜை என்று எனக்கே தெரியாது. ஆ செங் என்னைவிடத் தேறியவர். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்று, சூடம் தட்டு எங்கே, தேங்காய் எங்கே என்று பூசாரிக்கே எடுத்துக் கொடுப்பார். வண்டிக்கு மாலை போட்டார்கள், கண்ணாடியில் சந்தனம் குங்குமம் வைத்தார்கள், நான்கு சக்கரத்துக்கும் முன்னால் குங்குமம் தடவிய ஒவ்வோர் எலுமிச்சம்பழம். நான்கையும் நசுக்கிக்கொண்டு வண்டி புறப்படவேண்டும்.

பரமேஸ்வரி ஏறி உட்கார்ந்தார். முதல் கியரைப் போட்டு, எண்ணெய் கொடுக்காமல், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், கிளட்சை மட்டும் மெதுவாக விட்டார். பழம் நசுக்குவதற்கு எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். டயர் பழத்தில் முட்டியது. வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றுவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்தார். மறுபடியும் குலுக்கல், மறுபடியும் நின்றது. "எண்ணெய மிதிக்கா" என்று குமரன் பக்கத்திலிருந்து சொன்னான். மிதித்தார். வண்டி துள்ளிப் பாய்ந்து முற்றத்தின் பாதிக்குப் போய் நின்றது.

மூன்று பழம் நசுங்கிக் கிடந்தது. நான்காவதைக் காணவில்லை.

எல்லோரும் குனிந்து தேடினார்கள். ஆ செங்தான் கண்டுபிடித்தார். பின்பக்கம், இடது டயரின் மேற்புறத்தில், இரண்டு ரப்பர்க் கட்டைகளுக்கு நடுவில் இருந்த பள்ளத்தில் அந்தப் பழம் சிக்கிக்கொண்டு இருந்தது. ஒரு கீறல் இல்லை. குங்குமம்கூட அழியவில்லை. கடையில் அடுக்கி வைத்ததுபோல் பளபளவென்று இருந்தது.

சூடம் எரிகிற சத்தம் கேட்கும்போல் இருந்தது. பூசாரி சுதாரித்துக்கொண்டு இன்னொரு பழம் வைக்கலாமே என்று தொடங்கினார். பரமேஸ்வரி அதற்குள் இறங்கி வந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"வேணாம் குமரா. இந்தக் கெரேத்தாவே வேணாம்" என்று வண்டியைக் காட்டினார்.

குமரன் பழத்தைத் திட்டினான். பாசாரில் வாங்கிய பழம் சுண்டைக்காய் அளவு என்றான். பூசாரி பழத்தைப் போட்டுக் கொண்டுவந்த பையைக் குற்றம் சொன்னான். பிறகு திடீரென்று என் பக்கம் திரும்பினான். "பாய், நீங்க சொல்லுங்க. இதுல என்னா இருக்கு?"

ஒரு முஸ்லிமிடம் எலுமிச்சம்பழத்தின் பலன் கேட்கிறார்கள். என் வாப்பா கேட்டிருந்தால் சிரித்திருப்பார். ஆனால் அந்த அம்மாவின் கண் என்மேல் இருந்தது. அதில் ஒரு வருட விளைச்சல் இருந்தது. விளையாட்டாக எதையும் சொல்லிவிட முடியாது.

பழம் சிக்கியதற்குக் காரணம் சொல்வது சுலபம். சேற்றுக்குப் போடுகிற டயரில் கட்டைகள் தள்ளித் தள்ளி இருக்கும், நடுவில் பள்ளம் ஆழமாக இருக்கும். தட்டிலிருந்து இன்னொரு பழத்தை எடுத்து அந்தப் பள்ளத்தில் வைத்துக் காட்டினேன். அளவெடுத்துச் செய்ததுபோல் போய் உட்கார்ந்தது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். பூசாரிக்கும் நிம்மதி. குமரன் சத்தமாகச் சிரித்தே விட்டான்.

அத்தோடு நான் வாயை மூடியிருந்தால் எல்லோருக்கும் நல்லவனாக வீட்டுக்குப் போயிருக்கலாம். அப்படி ஓர் ஆசை வரத்தான் செய்தது, மறைக்கவில்லை. ஆனால் எல்லோரும் நசுங்காத பழத்தைப் பார்த்தார்களே தவிர, அதற்கு முன் நடந்ததை யாரும் காதில் வாங்கவில்லை.

"பழம் சிக்குனது டயரோட சேட்டைம்மா, அத விட்ருங்க. ஆனா வண்டி ரெண்டு தடவ நின்னுச்சு. சாமி எதாச்சும் சொல்லிருந்தா, அதத்தான் சொல்லிருக்கும்" என்றேன்.

குமரனின் சிரிப்பு நின்றது. அக்காவுக்குக் கிளட்ச் பழக்கம் போதாது என்றான். "கேண்டின் வேன யாரு ஓட்டுனா, நீயா?" என்று அக்கா திரும்பக் கேட்டார்.

நான் விளக்கினேன். சமதரையில், சுமையே இல்லாமல் நிற்கிற வண்டி. ஒரு பழத்தின் உயரத்தைத் தானாக ஏறமுடியாமல் எஞ்சின் செத்துப்போகிறது என்றால், சக்கரத்தின்மேல் எஞ்சினுக்கு இருந்த பிடி தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். இறங்கும்போது வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிப்பதும் அதே பிடிதான். பிரேக் இருக்கே பாய் என்றான் குமரன். இருக்கிறது. ஈரச் செம்மண்ணில் பிரேக்கை மிதித்தால் சக்கரம் நிற்கும், வண்டி நிற்காது. இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. நிபந்தனையை நினைவுபடுத்தினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் சுங்காய்க்கு வருகிறேன் என்றேன்.

போனேன். முந்திய நாள் சாயங்காலம் நல்ல மழை. செம்பனைக்கு நடுவே போகிற பாதை முடிந்து, மூக்கு மேடு தொடங்குகிற இடத்தில் வண்டியை நிறுத்தி ஏறிட்டுப் பார்த்தேன். பெயர் வைத்தவர்கள் மிகைப்படுத்தவில்லை. பழத்துக்குப் பதிலாக உர மூட்டைகளை ஏற்றியிருந்தோம். எப்படியும் மரத்துக்கு வேண்டிய உரம்தான். பரமேஸ்வரி ஓட்டினார், நான் பக்கத்தில், குமரன் பின்னால்.

ஏறினது பாருங்கள், அரசாங்கக் கட்டடத்து அகலப் படியில் ஏறுவதுபோல் ஏறியது. சேறு இருபுறமும் தெறிக்க, எங்கும் வழுக்காமல், ஒரே மூச்சில் உச்சிக்கு. குமரன் பின்னாலிருந்து என் தோளைத் தட்டி "எப்டி பாய்?" என்றான். அருமை என்றேன். பொய் இல்லை. நல்ல டயரை நல்ல டயர் என்று சொல்லத்தான் வேண்டும்.

மேலே மரங்களைச் சுற்றிக் காட்டினார் பரமேஸ்வரி. காய்ப் பாரத்தில் முறியாதபடி கிளைகளை நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார். ஒவ்வொரு மரத்தையும் தொட்டுத் தொட்டுப் பேசினார். இது சோம்பேறி, இது இரண்டாம் வருடமே பூத்தது, இதை ஒரு தடவை காட்டுப்பன்றி சாய்த்துவிட்டது. மூட்டைகளை இறக்காமல் அப்படியே கீழே புறப்பட்டோம்.

லோ ரேஞ்சில், அதாவது வண்டியை மெதுவாக இழுத்துப் பிடிக்கிற தாழ்ந்த கியர் வரிசையில், முதல் கியர் போடச் சொன்னேன். கால் இரண்டையும் எதிலும் வைக்காதீர்கள், வண்டி தானாக நடக்கட்டும் என்றேன். முதலில் நடந்தது. சரிவு கூடிய இடத்தில் வேகநடையாகியது. பிறகு ஓடத் தொடங்கியது. எஞ்சின் ஊளையிட்டது, ஆனால் பிடிக்கவில்லை. நானாக இருந்தாலும் செய்திருப்பேன், அந்த அம்மா பிரேக்கை மிதித்துவிட்டார். பின்பக்கம் விலகியது. வண்டி குறுக்காகத் திரும்பி வழுக்கிக்கொண்டே போய், உள்பக்க மண் சுவரில் முட்டி நின்றது. உள்பக்கமாகப் போனது எங்கள் அதிர்ஷ்டம். உயிர் போகிற நேரத்தில் சொல்கிற கலிமாவைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதே வண்டி நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

யாருக்கும் அடி இல்லை. குமரன் இறங்கினான். வெள்ளைக் காலணி கணுக்கால்வரை சேற்றில் புதைந்தது. மெதுவாக மறுபக்க ஓரம்வரை போய் எட்டிப் பார்த்தான். அங்கே சுவர் இல்லை, கீழே செம்பனை மரங்களின் தலைதான் தெரிந்தது. பிறகு அக்காவின் சன்னலுக்கு வந்தான்.

"எறங்குக்கா. நான் ஓட்றேன்."

"நீ ஓட்டுனா மட்டும் நிக்குமா?" என்றார் பரமேஸ்வரி. குரலில் கோபம் இல்லை. "தெனமும் காலையில நீயா வரப்போற? நான்தானே இதுல எறங்கணும்."

குமரன் டயரைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். பிறகு என்னிடம், "கழட்டிரலாம் பாய்" என்றான்.

மூட்டைகளை அங்கேயே இறக்கிவிட்டு, டயரில் காற்றைக் குறைத்து, வெறும் வண்டியை நான் அங்குலம் அங்குலமாகக் கீழே கொண்டுவந்தேன்.

மறுநாள் வண்டி பட்டறைக்கு வந்தபோது ஆ செங்கின் உதட்டில் ஒரு வார்த்தை தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நான்தான் அப்போதே சொன்னேனே என்கிற அந்த வார்த்தை எந்த மொழியிலும் ஒரே முகத்தோடுதான் வரும். அவரைப் போய் தே குடித்துவிட்டு வரச் சொன்னேன். நாம் சொன்னது சரியாகப் போனால் வாயை மூடிக்கொள்வது, டயர் மாற்றுவதைவிடக் கடினமான வேலை. அந்தப் பையன் போனஸைப் போட்டு அக்காவுக்கு வாங்கிய பரிசைத் தன் கையாலேயே கழற்றிக்கொண்டிருந்தான். அதற்குமேல் அவனுக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. முப்பத்தைந்துகளைப் பல் மாற்றிய வண்டி வைத்திருந்த ஒரு வாடிக்கையாளர் மகிழ்ச்சியாக எடுத்துக்கொண்டார். பரமேஸ்வரியின் வண்டிக்கு முப்பத்தொன்று மாட்டினோம். தூக்கிய கைலிக்குக் கீழே இப்போது காலும் கொஞ்சம் தேறியிருந்தது. பார்க்க ஒன்றும் கம்பீரமில்லை. நண்பர்கள் கூட்டத்தில் இதைப் படம் எடுத்துப் போட முடியாதே என்றேன். குமரன் முதல்முறையாகக் கொஞ்சம் சிரித்தான்.

இந்தத் தடவை பட்டறையில் பூஜை வேண்டாம் என்று பரமேஸ்வரி சொல்லிவிட்டார். எனக்கு மனம் சங்கடமாக இருந்தது. அந்தப் பழம் இன்னும் அவர் மனத்திலிருந்து இறங்கவில்லையோ என்று நினைத்தேன்.

டுரியான் விழத் தொடங்கியதும் பரமேஸ்வரியிடமிருந்து போன் வந்தது. முதல் பழ ஏற்றம், வாருங்கள் பாய் என்றார். விடிந்து வெயில் ஏறுகிற நேரத்தில் நான் போய்ச் சேர்ந்தேன். வழக்கம்போல் முந்திய நாள் மழை. மேட்டின் உச்சியில் வண்டி கீழே பார்த்து நின்றது. பின்னால் கூரைவரை டுரியான். வாசம் என்னைக் கீழேயே வந்து கூட்டிப் போயிருந்தது. நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம். பூசாரி இல்லை, குமரன் சூடம் காட்டினான். அவன் வேலைக்கு விடுப்பு எடுத்திருந்தான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பட்டறை முற்றத்தில் நசுங்கி என்ன பயன்? இறங்கப்போவது இங்கேதானே.

பரமேஸ்வரி ஏறி உட்கார்ந்து லோ ரேஞ்சில் முதல் கியரைப் போட்டார். கிளட்சை விட்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சிலிப்பரைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் தூக்கி இருக்கையில் சம்மணம் போட்டுக்கொண்டார்.

நான் கத்தப்போனேன். கத்துவதற்குள் பழம் நசுங்குகிற சத்தம் கேட்டது. அவசரமில்லாமல், முதலில் முன்னால் இரண்டு, பிறகு பின்னால் இரண்டு. வண்டி அதே நடையில் சரிவுக்குள் போனது. சரிவு கூடிய இடத்திலும் அதே நடை. நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிற பெண்ணைப்போல் இறங்கியது. முன்னால் குமரன் பின்பக்கமாகவே நடந்துகொண்டு, இப்படி, இப்படி என்று கையைக் காட்டிக்கொண்டு போனான். அவனைக் கவனிக்கிற நிலையில் அந்த அம்மா இல்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கண் பாதையில். போன தடவை முட்டிய மண் சுவரைத் தாண்டியபோது என் கண் நிறைந்துவிட்டது. வயதாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை. கீழே வியாபாரி தராசோடு நின்றார்.

கல்லாவுக்குப் பின்னால் மேல்தட்டில் பிரிக்காத பெட்டி ஒன்று இருக்கிறது, அது என்ன என்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள். அதுதான் அந்தப் பல். பழக்காலம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தது. பரமேஸ்வரிக்குப் போன் போட்டு, பல் வந்துவிட்டது அம்மா, மாட்டிவிட்டால் முப்பத்தைந்து போடலாம் என்றேன்.

"எதுக்கு பாய்? பழம் எறங்கிருச்சில்ல" என்றார்.

அந்தப் பெட்டியை விற்றுவிடலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. முப்பத்தைந்து கேட்டு வருகிறவர்களுக்கும் மாட்டுங்கள், பல்லோடு சேர்த்து. நன்றாகவே இருக்கும். அதற்கு முன் அந்த வண்டி எங்கே, எந்தச் சுமையோடு, யார் கையில் இறங்கப்போகிறது என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

இப்போதும் ஒவ்வொரு டுரியான் காலத்திலும் முதல் ஏற்றத்தன்று காலையில் எனக்கு ஒரு வீடியோ வரும். பக்கத்து இருக்கையிலிருந்து குமரன் எடுப்பது. அதில் முகம் இருக்காது, பேச்சு இருக்காது. எஞ்சின் சத்தம், நான்கு பழம் நசுங்குகிற சத்தம். நான் வழக்கம்போல் காலைத்தான் பார்க்கிறேன். இருக்கையின்மேல் மடித்து வைத்த இரண்டு செம்மண் கால்கள் அசையாமல் இருக்கின்றன. படத்தின் ஓரத்தில் குமரனின் காலணி தெரிகிறது. அதன் நிறம் என்ன என்று இப்போது யாராலும் சொல்லமுடியாது.